வெள்ளிக்கிழமையின் இரண்டரை மணி நேரம்

2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை பிற்பகல். திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா மீதான விவாதம் மாநிலங்களவையில் முடியும் தறுவாயில் இருந்தது. சமூகநீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலோட் எழுந்தார். அரசே ஒரு மசோதாவைக் கொண்டுவரும், உறுப்பினர் தன்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டார். இந்தக் கட்டத்தில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது நாடாளுமன்றத்தைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்குத் தெரியும். உறுப்பினர் அமைச்சருக்கு நன்றி சொல்வார். மசோதாவைத் திரும்பப் பெற அவையின் அனுமதியைக் கோருவார். அனுமதி கிடைக்கும். அடுத்த மசோதாவை அழைப்பார்கள். சிவா அப்படிச் செய்யவில்லை. வாக்கெடுப்பு வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். குரல் வாக்கெடுப்பில் அந்த மசோதா ஒருமனதாக நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறிச் சட்டமாகி அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும், அவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராகவே இருந்தாலும், தனிநபர் மசோதா கொண்டுவரலாம். ஒரு மாதத்துக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். யாருடைய மசோதா முதலில் விவாதத்துக்கு வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் வெள்ளிக்கிழமையின் இரண்டரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு வாரம் மசோதாக்களுக்கு, மறுவாரம் தனிநபர் தீர்மானங்களுக்கு. மற்ற நேரமெல்லாம் பெரும்பாலும் அரசின் அலுவல். அரசு என்ன கொண்டுவருகிறதோ அதைப் பற்றித்தான் பேச்சு. வெள்ளிக்கிழமை பிற்பகலில் மட்டும் எதைப் பேசுவது என்பதை மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் முடிவுசெய்கிறார்கள். அந்த இரண்டரை மணி நேரம் நம் கண் முன்னாலேயே தேய்ந்துகொண்டிருக்கிறது. இது நாடாளுமன்ற நடைமுறை சார்ந்த ஒரு சிறு விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

சுதந்திர இந்தியாவில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள் மட்டுமே சட்டமாகியிருக்கின்றன. கடைசியாகச் சட்டமானது 1970-இல். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே வெறும் சடங்காகத்தான் இருந்தது என்று தோன்றும். அந்த 14 சட்டங்களை எடுத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

1956-இல் ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. நாடாளுமன்றத்தில் ஒருவர் பேசியதைப் பத்திரிகை உண்மையாகவும் உள்நோக்கமின்றியும் வெளியிட்டால், அதற்காகப் பத்திரிகை மீது வழக்குப் போட முடியாது என்றது அது. அவைக்குள் உறுப்பினருக்கு முழுப் பாதுகாப்பு இருந்தது. அவர் சொன்னதை அச்சிட்ட பத்திரிகையாசிரியருக்குத் தெளிவான சட்டப் பாதுகாப்பு இல்லை. அந்த இடைவெளியைத்தான் ஃபெரோஸ் அடைத்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் செய்த முதலீட்டை அதே ஃபெரோஸ் அவையில் எழுப்பினார். சாக்ளா விசாரணை ஆணையம் வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தன் சொந்தக் கட்சியின் அரசைக் கேள்வி கேட்ட ஒருவர், அந்தக் கேள்வி நாட்டு மக்களைச் சென்றடையும் வழியையும் முன்கூட்டியே சட்டமாக்கி வைத்திருந்தார். நெருக்கடி நிலையின்போது, 1975 டிசம்பரில், அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசு அவசரச் சட்டத்தின் மூலம் அதை நீக்கியது. 1977-இல் வந்த ஜனதா அரசு அதே சட்டத்தை மீண்டும் இயற்றியது. 44-ஆவது திருத்தத்தின் வழியே அந்தப் பாதுகாப்பு 361-ஏ என்ற பிரிவாக அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றது. இன்று நாடாளுமன்றச் செய்தி எழுதும் ஒவ்வொரு நிருபரும் அதன் நிழலில்தான் எழுதுகிறார்.

மாநிலங்களவை உறுப்பினர் திவான் சமன் லால் 1963-இல் கொண்டுவந்த மசோதா 1969-இல் சட்டமானது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 292-ஆவது பிரிவு ஆபாச எழுத்தைத் தண்டித்தது. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் நலனுக்காகப் பொதுநன்மை கருதி வெளியிடப்பட்டவற்றுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது இந்தச் சட்டம். பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விலக்கு தொடர்கிறது. ஓர் எழுத்தாளரை நீதிமன்றப் படியேற்றிவிட வேண்டும் என்று யாரேனும் கிளம்பும்போதெல்லாம் இந்த விலக்கின் அருமை தெரியும். 2016-இல் பெருமாள்முருகனின் மாதொருபாகன் மீது சுமத்தப்பட்ட ஆபாசக் குற்றச்சாட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் நிராகரித்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆபாசம் எது, இலக்கியம் எது என்று நீதிமன்றங்கள் பிரித்துப் பார்ப்பதற்கான சட்ட அடிப்படையில் ஒரு பகுதி, அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினரின் மசோதாவிலிருந்து வந்தது.

பதினான்காவது, ஆனந்த் நாராயண் முல்லாவுடையது. அலாகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், உருதுக் கவிஞர், லக்னோவிலிருந்து சுயேச்சையாக வென்று மக்களவைக்கு வந்தவர். கீழ் நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்கிறது. உயர் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து ஆயுள் தண்டனையோ பத்தாண்டுகளுக்குக் குறையாத சிறையோ விதிக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின்படி, விதித்தது மரண தண்டனையாக இருந்தால் மட்டுமே அவர் உச்ச நீதிமன்றத்துக்கு உரிமையோடு மேல்முறையீடு செய்ய முடியும். மற்றபடி, அனுமதி கிடைத்தால்தான் உண்டு. நீதிபதியாக இருந்த முல்லாவுக்கு இந்த இடைவெளி தெரிந்தது. 1970-இல் வந்த அவருடைய சட்டத்தால் இப்படித் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் மேல்முறையீடு உரிமையாயிற்று. கட்சி எதுவும் இல்லாத ஒரே ஒரு உறுப்பினரால், முகம் தெரியாத எத்தனையோ பேருக்குக் கடைசி வாசல் ஒன்று திறந்தது.

இன்னும் சிலவற்றைச் சொல்லலாம். தெஹ்ரி அரச குடும்பத்தைச் சேர்ந்த கமலேந்துமதி ஷா, அவரும் சுயேச்சை, பெண்கள் மற்றும் குழந்தைகள் காப்பகங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். வரலாற்றாய்வாளர் ரகுவீர் சிங்கின் மசோதா பழஞ்சின்னங்களைத் தேசிய முக்கியத்துவம் உடையவையாக அறிவித்தது. 14 சட்டங்களில் ஆறு 1956 என்ற ஒரே ஆண்டில் நிறைவேறியவை.

அந்த ஆண்டில் அரசு பலவீனமாகவா இருந்தது? முதல் மக்களவையின் 489 இடங்களில் 364 காங்கிரஸிடம் இருந்தன. நினைத்திருந்தால் நேரு அரசு ஒவ்வொரு தனிநபர் மசோதாவையும் வாசலிலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பெரும்பான்மை வலுவாக இருந்தால் தனி உறுப்பினருக்கு இடமிருக்காது என்று இன்று சொல்லப்படும் சமாதானத்தை அந்த ஒரு வரலாறே பொய்யாக்கிவிடுகிறது. அரசிடம் எண்ணிக்கை வலு இருந்தது. உறுப்பினர் சொல்வதில் நியாயம் இருந்தால் ஏற்றுக்கொள்ளும் மனமும் கூடவே இருந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2019 முதல் 2024 வரையிலான 17-ஆவது மக்களவையில் 729 தனிநபர் மசோதாக்கள் அறிமுகமாயின. விவாதத்துக்கு வந்தவை இரண்டு. நிறைவேறாமல் போவதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரும்பான்மை ஏற்காத மசோதா தோற்பது ஜனநாயகம்தான். விவாதமே நடக்காமல் போவது வேறு. மீதி 727 மசோதாக்களையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். தொகுதியில் பார்த்த ஒரு துயரமோ, படித்துத் தெரிந்துகொண்ட ஒரு சட்ட ஓட்டையோ அதற்குப் பின்னால் இருந்திருக்கும். அவற்றுக்கு அவை ‘ஆம்’ சொல்லவில்லை, ‘இல்லை’யும் சொல்லவில்லை. மக்களவை கலைந்தபோது எல்லாம் காலாவதியாகின.

இதற்குக் காரணங்கள் பல. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள்கள் கூடியது. 17-ஆவது மக்களவை 55 நாள்கள். நாள்கள் குறைந்தால் வெள்ளிக்கிழமைகளும் குறையும். கிடைக்கிற வெள்ளிக்கிழமைகளில் சில அமளியில் போகின்றன. கூட்டத்தொடர் முன்கூட்டியே முடிக்கப்பட்டால் வேறு சில காணாமல் போகின்றன. மிஞ்சியிருப்பவற்றிலோ உறுப்பினர்களில் பலர் பிற்பகலிலேயே விமான நிலையம் கிளம்பிவிடுகிறார்கள். சனி, ஞாயிறு தொகுதியில் இருந்தாக வேண்டும், திருமணங்களுக்குப் போக வேண்டும், மனு வாங்க வேண்டும். அதற்காக அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம்மிடம் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலை கேட்கிறோம், ரயில் நிறுத்தம் கேட்கிறோம். ‘ஐந்து ஆண்டுகளில் என்ன மசோதா கொண்டுவந்தீர்கள்’ என்று கேட்பதில்லை.

நிறுவன அளவிலும் குறை உண்டு. மக்களவையில் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்குமான குழு ஒன்று இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் தனிநபர் மசோதாக்களை ஆராய்வது, மசோதாக்களுக்கு நேரம் ஒதுக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. துணைத் தலைவர் அதன் உறுப்பினராக இருந்தால் அவரே அதற்குத் தலைவர். 17-ஆவது மக்களவையின் ஐந்து ஆண்டுகளும் துணைத் தலைவர் இல்லாமலே கழிந்தன. சுதந்திர இந்தியாவில் அதற்கு முன் எந்த மக்களவையும் அப்படி முடிந்ததில்லை. தனி உறுப்பினரின் உரிமைகளைக் கவனிக்க வேண்டிய நாற்காலியே காலியாகக் கிடந்தால் அந்த உரிமைகள் என்னவாகும்?

அரசமைப்புச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு மற்றொரு தடை. ஒரு மசோதா சட்டமானால் அரசுத் தொகுப்பு நிதியிலிருந்து செலவு ஏற்படும் என்றால், குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் அவை அதை நிறைவேற்ற முடியாது. குடியரசுத் தலைவர் நடப்பது அமைச்சரவையின் ஆலோசனைப்படி. ஓர் ஆணையம், ஒரு தனி நீதிமன்றம், ஒரு நலவாரியம் என்று எதைக் கேட்டாலும் செலவு வரும். ஆக, அரசுக்கு விருப்பமில்லாத மசோதாவை அமைதியாக நிறுத்திவைக்க இந்தப் பிரிவே போதும். நிதிப் பொறுப்பு அரசிடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பரிந்துரை மறுக்கப்பட்டால் அதற்கான காரணத்தை அவையின் மேசையில் எழுத்தில் வைக்கச் சொல்வதில் என்ன தவறு?

தனிநபர் மசோதாக்களில் பெரும்பாலானவை விளம்பரத்துக்காகக் கொண்டுவரப்படுபவை, அரைகுறையாக எழுதப்பட்டவை, சில சமூகத்தைப் பிளப்பவை என்று சொல்வோர் உண்டு. இதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் மோசமான மசோதாவும் விவாதத்துக்கு வந்தால் பயன் உண்டு. 2019-இல் நியமன உறுப்பினர் ராகேஷ் சின்ஹா மாநிலங்களவையில் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டு மசோதா கொண்டுவந்தார். இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றால் அரசுச் சலுகைகள் இல்லை என்பது அதன் சாரம். அந்தக் கருத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தமிழ்நாடும் கேரளமும் கட்டாயத்தால் பிறப்பு விகிதத்தைக் குறைக்கவில்லை. பெண்களின் கல்வியும் பொதுச் சுகாதாரமும் குறைத்தன. 2022 ஏப்ரலில் விவாதம் நடந்தபோது, கட்டாயமின்றி விழிப்புணர்வாலும் சுகாதார வசதிகளாலும்தான் மக்கள்தொகை நிலைபெற்றுவருகிறது என்று சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியா அவையில் விளக்கினார். மசோதா திரும்பப் பெறப்பட்டது. ஒரு தேசிய விவாதத்தில் அரசின் நிலைப்பாடு அவைக்குறிப்பில் ஏறியது. விவாதமே நடந்திராவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது.

தோற்ற மசோதாக்களின் பெருமை தமிழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரி மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர் வங்கத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா. சங்கரலிங்கனார் 1956-இல் பட்டினி கிடந்து உயிர்விட்ட கோரிக்கைகளில் ஒன்று அது. 1963-இல் அந்த மசோதாவை ஆதரித்து அண்ணா ஆற்றிய உரையைப் பற்றித் தமிழ்நாட்டில் இன்றும் பேசுகிறோம். பெயரை மாற்றி என்ன பெறப்போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, பார்லிமென்ட்டை லோக்சபா என்றும் பிரசிடென்ட்டை ராஷ்டிரபதி என்றும் மாற்றி நீங்கள் என்ன பெற்றீர்களோ அதையே நாங்களும் பெறுவோம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். மசோதா தோற்றது. 1967 ஜூலை 18-இல் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. நாடாளுமன்றம் 1968-இல் சட்டம் இயற்றியது. 1969 ஜனவரி 14 முதல் இது தமிழ்நாடு. வங்கத்து உறுப்பினர் ஒருவரின் தனிநபர் மசோதாவுக்கு அன்று நேரம் ஒதுக்கப்படாமல் போயிருந்தால், அந்த வாதம் இந்தியாவின் மேலவையில் அத்தனை தெளிவாகப் பதிவாகியிருக்காது.

இதற்கு நேர் எதிரான அனுபவம் சசி தரூருக்கு நேர்ந்தது. ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவைத் திருத்தும் மசோதாவை அறிமுகம் செய்ய 2015 டிசம்பரில் அவர் அனுமதி கேட்டார். 71-க்கு 24 என்ற கணக்கில் அனுமதியே மறுக்கப்பட்டது. 2016 மார்ச்சில் மீண்டும் கேட்டார். மீண்டும் மறுப்பு. அறிமுகக் கட்டத்திலேயே ஒரு மசோதாவை எதிர்ப்பது அரிது. உள்ளே வரட்டும், பிறகு வாதாடலாம் என்பதே மரபு. நாடாளுமன்றம் பேச மறுத்ததை 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்த்துவைத்தார்கள். தீர்ப்பை நான் வரவேற்றேன். ஆனால் அது மக்கள் பிரதிநிதிகள் பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம்.

திருச்சி சிவாவின் மசோதாவுக்கு என்ன நேர்ந்தது? மக்களவையில் பைஜயந்த் பாண்டா 2016 பிப்ரவரியில் அதை எடுத்துவைத்தார். அதற்குமேல் நகரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. அது ஒருமுறை காலாவதியாகி, மறுபடி வந்து, 2019-இல் சட்டமாயிற்று. சிவாவின் மசோதாவில் கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இட ஒதுக்கீடு இருந்தது, தேசிய மற்றும் மாநில ஆணையங்கள் இருந்தன, தனி நீதிமன்றங்கள் இருந்தன. 2019 சட்டத்தில் இட ஒதுக்கீடு இல்லை. அடையாளச் சான்றுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். திருநர் மீதான பாலியல் வன்கொடுமைக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். இந்த மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று மாநிலங்களவையில் கோரியவரும் சிவாதான். கோரிக்கை தோற்றது. 2008-இலேயே நலவாரியம் அமைத்த தமிழ்நாட்டின் திருநங்கையரும் திருநம்பியரும், நாடெங்கும் உள்ள அவர்களுடைய தோழர்களும் இந்தச் சட்டத்தை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். ‘அரசே மசோதா கொண்டுவரும்’ என்ற வாக்குறுதிக்கும் வந்து சேர்ந்த சட்டத்துக்கும் இடையே அவ்வளவு தூரம் இருந்தது.

ஆகவே எனக்கு முதலில் தோன்றும் திருத்தம் இதுதான். அரசு மசோதா கொண்டுவருவதாகச் சொல்லி ஒரு தனிநபர் மசோதாவைத் திரும்பப் பெறக் கேட்கும் அமைச்சர், எத்தனை மாதத்துக்குள் என்றும் அவையில் உறுதியளிக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் அரசின் மசோதா வரவில்லை என்றால், உறுப்பினரின் மசோதா குலுக்கல் இல்லாமலேயே மீண்டும் விவாதத்துக்கு வர வேண்டும். அமைச்சர்களின் வாக்குறுதிகளைக் கண்காணிக்க இரு அவைகளிலும் ஏற்கெனவே குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் வேலையில் இதையும் சேர்ப்பது கடினமல்ல.

வெள்ளிக்கிழமையை மாற்ற வேண்டும். புதன்கிழமைக்குக் கொண்டுவந்தால் உறுப்பினர்கள் டெல்லியில் இருப்பார்கள், பத்திரிகையாளர்களும் இருப்பார்கள். அமளியில் ஒரு தனிநபர் நாள் வீணானால் அதே கூட்டத்தொடரில் வேறு நாள் தர வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் குலுக்கலில் முதலில் வரும் சில மசோதாக்களாவது வாக்கெடுப்பு வரை போக வேண்டும். பிரிட்டனில் குலுக்கலில் தேர்வாகும் 20 உறுப்பினர்களின் மசோதாக்களுக்கு ஒரு கூட்டத்தொடரில் 13 வெள்ளிக்கிழமைகள் உண்டு. பேசியே நேரத்தைக் கடத்தி மசோதாவைச் சாகடிக்கும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது. ஆனாலும் 1965-இல் கொலைக்கான மரண தண்டனையை நிறுத்திய சிட்னி சில்வர்மனின் சட்டமும், 1967-இல் டேவிட் ஸ்டீல் கொண்டுவந்த கருக்கலைப்புச் சட்டமும் தனிநபர் மசோதாக்களாகப் பிறந்தவையே. 2025 ஜூன் 20-இல் கிம் லெட்பீட்டரின் கருணைச் சாவு மசோதாவை மக்கள் சபை 314-க்கு 291 என்ற கணக்கில் ஏற்றது. கட்சிகள் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தவில்லை. பிரதமரும் சாதாரண உறுப்பினரும் தத்தம் மனச்சாட்சிப்படி வாக்களித்தார்கள்.

இந்தியாவில் தனி உறுப்பினரின் கையைக் கட்டியிருப்பது அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை. 1985-இல் கட்சித்தாவலைத் தடுக்க வந்த அந்தச் சட்டத்தின்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். அரசின் ஆயுளோடு தொடர்புள்ள வாக்கெடுப்புகளுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு போதும், மற்றவற்றில் சுதந்திரம் வேண்டும் என்று மக்களவை உறுப்பினர் மணீஷ் திவாரி தனிநபர் மசோதாவே கொண்டுவந்திருக்கிறார். அது சட்டமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பதவி பறிபோவது கட்சி உத்தரவு பிறப்பித்து, உறுப்பினர் அதை மீறினால்தான். தனிநபர் மசோதாக்கள் மீதான வாக்கெடுப்புக்குக் கொறடா உத்தரவு பிறப்பிப்பதில்லை என்று ஒரு கட்சி முடிவெடுத்தால் அன்று முதல் அதன் உறுப்பினர்கள் சுதந்திரமானவர்கள். மாநில உரிமை பேசும் கட்சிகள், கருத்துரிமை பேசும் கட்சிகள், உள்கட்சி ஜனநாயகம் பேசும் கட்சிகள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரும் மாநிலங்களவைக்கு 18 பேரும் போகிறார்கள். அடுத்த கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன் அவர்களுடைய கட்சித் தலைமைகள் இந்த ஒரு அறிவிப்பை வெளியிடலாம். அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலோ அரசமைப்புத் திருத்தமோ வேண்டியதில்லை, கட்சி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போதும்.